ஏழு இருபதுக்கு விழுந்த டம்ளர்

"மகர ராசி நேயர்களே, இன்று நீங்கள் தொட்டதெல்லாம் துலங்கும்" என்று டிவி ஜோதிடர் சொல்லி வாய் மூடவில்லை. மகர ராசிக்காரரான பூமிநாதன் தொட்ட காபி டம்ளர் கை நழுவித் தரையில் உருண்டது. திரையின் ஓரத்தில் மணி ஏழு இருபது.

அடுப்படி வாசல் நிலையில் நின்றிருந்த அவர் மனைவி தங்கலட்சுமி முதலில் டம்ளரைத்தான் பார்த்தாள். நாற்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அந்த வீட்டில் டம்ளர்கள் விழுந்ததில்லை; எறியப்பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் சத்தம் வேறு. இது விழுந்த சத்தம்.

பிறகு முகத்தைப் பார்த்தாள். வலது கடைவாய் கீழே இறங்கியிருந்தது. அந்த வழியாகக் காபி ஒழுகி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் தன் வலது கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ தன் மடியில் வைத்துவிட்டு மறந்துபோன சாமான் மாதிரி.

"என்னங்க? என்ன செய்யுது?"

அவர் ஏதோ சொன்னார். குரல் அவருடையதுதான். சொல் ஒன்றும் பிடிபடவில்லை.

தங்கலட்சுமி அடுப்படிக்குள் ஓடிப் போனை எடுத்தாள். ஊர்த் துணைச் சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கும் அனுசியாவின் நம்பர் அதில் இருந்தது, மாதா மாதம் பிரஷர் மாத்திரை வாங்குவதற்காக.

"அனுசியா, அவுகளுக்கு வாய் கோணிருச்சு தாயி. கையில இருந்த டம்ளர் விழுந்துருச்சு. பேச்சு குழறுது. சீக்கிரம் ஓடியா."

"நேரே வாரேம்மா. குடிக்க எதுவும் குடுக்காதீக. உக்கார வைங்க."

பூமிநாதனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர் சும்மா ஒரு மனிதர் அல்லர். அப்படி யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். பரளச்சிக்குத் தெற்கே அவருக்குப் பதினெட்டு ஏக்கர் மானாவாரி. அதில் பன்னிரண்டு ஏக்கரில் இப்போது சீமைக் கருவேலம் அமோக விளைச்சல். பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை கூட்டுறவுச் சங்கத் தலைவராக இருந்தார். நம்மூரில் பதவிக்குத்தான் காலக்கெடு உண்டு. 'முன்னாள்' என்ற பட்டத்துக்குக் கிடையாது. அதை வைத்துச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் பத்திரிகையில் 'தலைமை' என்று போட்டு அவர் பெயர் வந்துவிடும். தாலி கட்டியதும் மைக்கைப் பிடித்து வாழ்த்துரை வழங்குவார். வாழ்த்துக்கு முன்னால் விளித்தல் உண்டு. மணமகனின் தந்தையார் அவர்களே, தாய்மாமன் அவர்களே, பெரியப்பா அவர்களே, சமையல் மாஸ்டர் அவர்களே என்று மேடையில் இருப்பவர், இறங்கிப் போனவர், வருவதாகச் சொல்லி வராதவர் எல்லோரையும் விளித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் முதல் பந்தி முடிந்து இலை எடுத்துவிடுவார்கள். அப்புறம் வாழ்த்து ஒரு வரி.

பிளக்ஸ் போர்டுகளில் அவர் படம் இருக்கும். ஒன்றில்கூடச் சிரித்திருக்க மாட்டார். அருப்புக்கோட்டை போட்டோக்காரர் ஒரு தடவை "ஐயா லேசா சிரிங்க" என்று சொல்லிவிட்டு, "சிரிக்கிறவனுக்கு எவன்டா பயப்படுவான்?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அனுசியா ஸ்கூட்டியில் வந்து சேரப் பதினைந்து நிமிஷம் ஆனது. அதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. அதுதான் கேடு.

எட்டாம் நிமிஷத்தில் கடைவாய் மேலே ஏறியது. பத்தாம் நிமிஷத்தில் விரல்கள் மடங்கின. பன்னிரண்டாம் நிமிஷத்தில் பேச்சு வந்தது. வந்த முதல் பேச்சு, "என்னடி பாக்குற? தரையைத் துடை."

தங்கலட்சுமி துடைத்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். கறை பட்ட சட்டையை வாங்கி வாளியில் முக்கினாள். நர்ஸ் உள்ளே வந்தபோது பூமிநாதன் வேறொரு வெள்ளைச் சட்டையில், மடிப்புக் கலையாமல், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் செய்யுது?"

அந்த 'சார்' அவருக்குக் கசந்தது. அனுசியாவின் அப்பா சோலைச்சாமியும் அம்மா அழகுத்தாயும் அவர் காட்டில் களை எடுத்தவர்கள், பருத்தி எடுத்தவர்கள். வாசலுக்கு வெளியே நின்று 'ஐயா' என்றவர்கள். மகள் படித்து, கவர்மெண்டு வேலை வாங்கி, நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்து 'சார்' என்கிறது.

"எனக்கு என்ன? குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். இவ ஒருத்தி, டம்ளர் விழுந்ததுக்கு ஆஸ்பத்திரியையே வரவழைச்சுட்டா. நல்லவேளை, தட்டு விழலை. விழுந்திருந்தா கலெக்டரை வரச் சொல்லியிருப்பா."

அனுசியா சிரிக்கவில்லை. கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். நூற்றித் தொண்ணூறுக்கு நூற்றிப் பத்து.

"எங்கப்பாவுக்கு இருநூறு இருந்துச்சு" என்றார் பூமிநாதன், பரம்பரைச் சொத்தில் கொஞ்சம் குறைந்துபோன வருத்தத்தோடு.

விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தாள். "சுகர் இறங்கினாலும் இப்படித்தான் தடுமாறும் சார். ஆனா உங்களுக்கு இறங்கலை." பிறகு அவர் முகத்துக்கு நேரே குனிந்து, "கொஞ்சம் சிரிங்க சார்" என்றாள்.

"என்னது?"

"பல்லு தெரியச் சிரிங்க. ரெண்டு பக்கமும் வாய் ஒரே மாதிரி ஏறுதான்னு பாக்கணும்."

"இந்த வீட்டுல சிரிக்கிற வழக்கம் கெடையாது."

அது உண்மைதான். அனுசியா தங்கலட்சுமியைப் பார்த்தாள். அவர் சிரித்தால் எப்படி இருப்பார் என்று தங்கலட்சுமிக்கும் தெரியாது. கோணல் என்று சொல்ல ஒரு நேர் வேண்டுமே.

"சரி, நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க. 'இன்னைக்கு வெயில் கூடுதலா இருக்கு.'"

அதற்குப் பூமிநாதன், வெயில் ஏன் கூடுதலாக இருக்கிறது, கண்மாயைத் தூர்வாராமல் விட்டவர்கள் யார், அவர் தலைவராக இருந்த காலத்தில் எப்படி மழை பெய்தது என்று ஐந்து நிமிஷம் பேசினார். ஒரு சொல் குழறவில்லை. அந்தப் பரீட்சையில் நூற்றுக்கு இருநூறு.

"கடைசியா ஒன்னு. ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. உள்ளங்கை மேல பாத்து இருக்கட்டும். கண்ணை மூடிப் பத்து எண்ணுங்க. ஒரு கை தானா இறங்குதான்னு பாக்கணும்."

அவள் நீட்டிக் காட்டினாள். அவர் அந்தக் கைகளையே பார்த்தார். களத்து மேட்டில் கூலித் தானியம் வாங்கச் சோலைச்சாமி இப்படித்தான் இரண்டு கையிலும் துண்டை விரித்து நிற்பார். அளந்து போட்டவர் பூமிநாதன்.

"சோலைச்சாமி மக முன்னால நான் கையேந்தணுமா?" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அனுசியாவின் காது மடல் சிவந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை. தங்கலட்சுமியிடம் திரும்பினாள்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. போன்ல வாய் கோணிருச்சுன்னீகள்ல? எந்தப் பக்கம்?"

தங்கலட்சுமி புருஷனைப் பார்த்தாள். அவர் பேப்பரைப் பார்த்தார். ஆனால் பேப்பர் அசையவில்லை.

"பதட்டத்துல சொல்லிட்டேன் தாயி."

அனுசியா வாசலுக்குப் போய் ஆரம்பச் சுகாதார நிலையத்து டாக்டர் ரேணுகாதேவிக்குப் போன் போட்டாள். பேசிவிட்டு உள்ளே வந்து போனைத் தங்கலட்சுமியிடம் நீட்டினாள். "கூட இருந்தவங்ககிட்ட டாக்டர் கேக்கணுமாம்."

"அம்மா, பயப்படாம சொல்லுங்க" என்றது குரல். "இந்த நோவு நாங்க வர்றதுக்குள்ள சரியாப் போயிரும். மிஷின் எதுவும் காட்டாது. பாத்தவங்க சொல்றதை வச்சுத்தான் நாங்க முடிவு பண்ணணும். நீங்க என்ன பாத்தீங்க?"

தங்கலட்சுமியின் வாயில் எல்லாம் வரிசையாக இருந்தது. வலது கடைவாய். வலது கை. காபி. புரியாத சொல். ஏழு இருபது.

"சொல்லேன்" என்றார் பூமிநாதன் பேப்பருக்குப் பின்னாலிருந்து. "நீ என்னத்தப் பாத்த? சொல்லு."

"நான் அடுப்படில இருந்தேம்மா" என்றாள் தங்கலட்சுமி. "ஒன்னும் சரியாப் பாக்கலை."

டாக்டர் அதற்குப் பிறகும் விடவில்லை. சந்தேகம் இருந்தால் போதும், இன்றைக்கே மதுரைக்கு அனுப்பு என்று நர்ஸிடம் சொன்னார். அனுசியா அட்டையை மடியில் வைத்து மதுரை ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினாள்.

"சார், கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல, சொல்லிர்றேன். மூளைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் அடைச்சு, தானா விட்டிருக்கலாம். மினி ஸ்ட்ரோக்கும்பாங்க. சரியாயிருச்சுன்னு இருக்கக் கூடாது. பெருசு ரெண்டே நாள்லகூட வரலாம். இன்னைக்கே போயி ஸ்கேன் எடுத்துட்டா வராமத் தடுக்க மருந்து இருக்கு. நூத்தியெட்டைக் கூப்பிடவா?"

பூமிநாதனுக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் காதில் விழுந்தது.

"மினியா? எனக்கா? பந்தல்குடிக்கும் பரளச்சிக்கும் ஓடுற மினி பஸ்ஸு மாதிரியா? வந்தா எனக்குப் பெருசாத்தான் வரும் பிள்ள."

"சார்..."

"ஒரு மாத்திரையைக் குடுத்துட்டுப் போ."

"ஸ்கேன் பாக்காமக் குடுக்கக் கூடாது சார். அடைப்புன்னா ஒரு மருந்து. ரத்தக் கசிவுன்னா அதே மருந்து ஆளைக் கொன்னுரும்."

"நூத்தியெட்டு வந்து ஊளையிட்டுக்கிட்டு என் வாசல்ல நிக்கவா? ஊரு என்ன நினைக்கும்? நாளைக்கு அருப்புக்கோட்டைல இருளப்பசாமி மக சத்யபிரியாவுக்குக் கல்யாணம். என் தலைமை. பத்திரிகையில அடிச்சாச்சு. நாளன்னைக்குப் பாப்போம்."

அனுசியா எழுந்தாள். வாசல் வரைக்கும் தங்கலட்சுமி கூடப் போனாள். வேப்பமரத்து நிழல் விலகி, ஸ்கூட்டியின் இருக்கை அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது.

"நேரம் மட்டுமாவது சொல்லுங்கம்மா. சீட்டுல போடணும்."

"ஏழு இருபது."

"அடுப்படில இருந்தேன்னீக?"

தங்கலட்சுமி திரும்பி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். அனுசியா 'காலை 7.20' என்று எழுதி, சீட்டை நாலாக மடித்து அவள் கையில் வைத்தாள்.

"மறுபடி கையோ, வாயோ, பேச்சோ, கண்ணு மங்குனாக்கூட, அவருகிட்ட உத்தரவு கேக்காதீக. நூத்தியெட்டுக்கு அடிங்க. கேக்குறதுக்கு நேரம் இல்லம்மா இதுல."

அன்று பகல் முழுக்க அந்த வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று தங்கலட்சுமிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் சாப்பிட்டார். ஏப்பம் விட்டார். உளுந்து விதைக்கலாமா என்று வந்து கேட்டவனை ஏசினார். ஏச்சு சுத்தமாக இருந்தது.

ஓசூரில் வேலை பார்க்கும் மகன் ஹரிக்குப் போன் செய்தாள். "அப்பாகிட்ட குடும்மா" என்றான். அப்பா பேசினார். போன் திரும்பி அவள் கைக்கு வந்தபோது, "நல்லாத்தானம்மா பேசுறாரு? எனக்கே ரெண்டு திட்டு விழுந்துச்சு" என்றான்.

அதுதான் எல்லோருடைய வைத்தியமும். விஷயம் கசிந்து வந்து பார்த்த பக்கத்து வீட்டுப் பேச்சியும் வாசலில் நின்று அவர் பேசுவதைக் கேட்டுவிட்டு, "அண்ணன் கணீர்னு பேசுறாகளே, ஒனக்குத்தான் மதினி கண்ணுல கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பூமிநாதன் பேசுகிற வரைக்கும் பூமிநாதனுக்கு ஒன்றுமில்லை என்று ஊரே நம்பியது. அவரும் நம்பினார்.

சாயங்காலம் டீக்கடைக்குக் கிளம்பியபோது வலது கால் செருப்பு முற்றத்திலேயே கழன்று கிடந்தது. அவர் அது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு தெரு முக்கு வரை நடந்திருந்தார். தங்கலட்சுமி செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"வாரு லூசாயிருக்கு" என்றார்.

வார் லூசாக இல்லை. அவள் குனிந்து மாட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்து போனை எடுத்து ஒன்றை அழுத்தினாள். பூஜ்யத்தை அழுத்தினாள். எட்டுக்கு முன்னால் விரல் நின்றுபோனது. வண்டி வரும், ஊர் கூடும், அவர் டீக்கடையிலிருந்து கை வீசி நடந்து வருவார், கணீரென்று கேட்பார், "நீ என்னத்தப் பாத்த?" பாக்கலை என்று டாக்டரிடமே சொல்லியாகிவிட்டதே. போனை அரிசிப் பானை மேல் வைத்தாள். சீட்டைக் கைப்பைக்குள் வைத்தாள்.

மறுநாள் அழகுராஜாவின் வாடகைக் காரில் அருப்புக்கோட்டைக்குப் போனார்கள். மண்டப வாசலில் பூமிநாதன் பிளக்ஸில் ஆறடிக்குச் சிரிக்காமல் நின்றார். மாப்பிள்ளை படம் அவர் முழங்கால் உயரத்தில் ஒரு வட்டத்துக்குள் இருந்தது.

முகூர்த்தம் முடிந்து பதினொரு மணி வாக்கில் மைக் அவர் கைக்கு வந்தது. வலது கையில் வாங்கினார். தங்கலட்சுமி பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்பு மணமக்கள் சத்யபிரியா, சதீஸ்குமார் அவர்களே! மணமகளின் தந்தையார் அருமை நண்பர் இருளப்பசாமி அவர்களே! மணமகனின் தாய்மாமன் சண்முகவேல் அவர்களே!"

இரண்டாம் பந்திக்கு இடம் பிடிக்க எழுந்தவர்கள் எழுந்தார்கள். பிள்ளைகள் ஐஸ்கிரீம் பக்கம் ஓடின. யாரும் கேட்கவில்லை, வழக்கமாகவே யாரும் கேட்பதில்லை. தங்கலட்சுமி மட்டும் ஒவ்வொரு பெயராக எண்ணினாள்.

பதினோராவது ஆளுக்குப் பெயர் வரவில்லை. "அவர்களே" மட்டும் வந்தது.

கொஞ்சம் நின்றார். மறுபடி, "அவர்களே" என்றார். பிறகு, "அவர்களே. அவர்களே."

பின்னால் ஒருவன், "பெருசுக்கு ஆளு தீந்துபோச்சு டோய்" என்றான். சிரிப்பு எழுந்தது. பூமிநாதனின் கண்ணில் நீர் கட்டியிருந்தது. அதைப் பார்த்த இருளப்பசாமி, நண்பர் உணர்ச்சிவசப்பட்டு நா தழுதழுக்க நிற்கிறார் என்று நினைத்துக் கை தட்டினார். அவர் தட்டியதைப் பார்த்து மண்டபம் தட்டியது. பதினாறு வருஷத்தில் அவருடைய வாழ்த்துரைக்கு மனதாரக் கை தட்டியது அன்றைக்குத்தான். வீடியோக்காரர் முகத்துக்குக் கிட்டே போனார். மேளக்காரர்கள் ஒரு தட்டுத் தட்டினார்கள்.

கைதட்டலுக்கு நடுவில் தங்கலட்சுமி மேடை ஏறினாள். எத்தனையோ மேடைகளில் அவர் நின்றிருக்கிறார். அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. மைக் அவர் கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. அவள் அவர் இடுப்பைப் பிடிக்கப் போய், மைக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"கை தட்டாதீக" என்றாள். ஸ்பீக்கர்கள் எல்லாவற்றிலும் கேட்டது. சாப்பாட்டுக் கூடத்திலும் கேட்டது. "தட்டாதீக. நேத்தே வாய் கோணுச்சு. டம்ளர் விழுந்துச்சு. ஏழு இருபதுக்கு. நான் பாத்தேன். யாராவது நூத்தியெட்டைக் கூப்பிடுங்க. நான் பாத்தேன்."

ஒரு நாள் பிந்திய சாட்சி. முந்நூறு பேர் கேட்டார்கள். கேட்டிருக்க வேண்டிய ஒரு ஆள் டாக்டர் ரேணுகாதேவி. அவர் அங்கே இல்லை.

நூற்றியெட்டு வந்தது. சத்தம் போட்டுக்கொண்டுதான் வந்தது. ஆறடிப் பூமிநாதனுக்குக் கீழே, ஐந்தரையடிப் பூமிநாதனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். காரியாபட்டியில் சந்தைக் கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அப்படி எல்லோரும் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்றுதான் அவர் ஆயுசு முழுக்க ஆசைப்பட்டிருந்தார்.

மதுரையில் அவசரப் பிரிவில் நின்ற இளம் டாக்டர், "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" என்று கேட்டார்.

"பதினொன்னு பத்து" என்றாள் தங்கலட்சுமி. "பத்தாவது ஆளு வரைக்கும் நல்லா இருந்தாக."

டாக்டருக்கு அது புரியவில்லை. நேரம் மட்டும் புரிந்தது. எழுதிக்கொண்டார். அவள் கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். அவர் பிரித்துப் படித்தார். தேதியைப் பார்த்தார். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சீட்டைக் கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் குத்திவிட்டு உள்ளே ஓடினார். ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். உயிர் தப்பியது. வலது கையும் காலும் தப்பவில்லை.

பேச்சில் ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. சில பேருக்கு அப்படி ஆகும், வாயில் பழகிப்போன ஏதாவது ஒரு சொல் தங்கிவிடும், மற்றது மெல்ல வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். சிலருக்குச் சாமி பெயர் தங்குமாம். சிலருக்குக் கெட்ட வார்த்தை. பூமிநாதனுக்குத் தங்கியது "அவர்களே".

தண்ணீர் வேண்டும் என்றாலும் அவர்களே. ஈயை விரட்டு என்றாலும் அவர்களே. ஓசூரிலிருந்து வந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுத ஹரியையும் அவர்களே. உளுந்துக்காரனையும் அவர்களே. முற்றத்தில் வந்து நின்ற வெள்ளாட்டை ஒரு நாள் இடது கையால் விரட்டி, அதையும் அவர்களே என்றார். பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அதே முந்தானையில் அழுதாள்.

முகம் இடது பக்கமாக இழுத்துக்கொண்டதில் அவர் எப்போதும் லேசாகச் சிரிப்பது போல இருந்தது. பார்க்க வந்தவர்கள், "ஐயா சிரிச்ச முகமா இருக்காக, அதுவே போதும்" என்று ஆறுதல் சொன்னார்கள்.

வந்தவர்கள் எல்லோரும் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். தங்கலட்சுமி சொன்னாள். ஏழு இருபது, டம்ளர், வலது கடைவாய், காபி, குழறல், பன்னிரண்டு நிமிஷத்தில் சரியானது, அனுசியா வந்தது, சீட்டு, செருப்பு. ஒன்றையும் விடாமல், அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, வருகிற ஆளுக்கெல்லாம் சொன்னாள். டாக்டரிடம் பாக்கலை என்று சொன்னதையும் சொன்னாள். "உங்க வீட்டுல இப்படி வந்து அஞ்சு நிமிசத்துல சரியாப் போனாலும் உக்காந்திராதீக" என்று முடிப்பாள். ஆரம்பத்தில் பூமிநாதன் இடது கையைத் தூக்கி, போதும் என்பதுபோல் ஆட்டினார். அவள் நிறுத்தவில்லை. பிறகு அவர் ஆட்டுவதை விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை தோறும் அனுசியா வந்தாள். பிரஷர் பார்ப்பாள். படுக்கைப் புண் இருக்கிறதா என்று முதுகைத் திருப்பிப் பார்ப்பாள். தோளையும் விரல்களையும் மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுப்பாள். சோலைச்சாமி மகள் அவரைத் தொட்டுப் புரட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அவரைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு, "ரெண்டு கையையும் நீட்டுங்க சார்" என்றாள்.

இடது கை வந்தது. உள்ளங்கை மேலே பார்க்க, நடுங்காமல், நேராக அவள் முன்னால் நீண்டது. வலது கை மடியில் கிடந்தது. அவர் அதை ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"அவர்களே" என்றார்.

அனுசியா அவசரமாகப் பட்டையைச் சுருட்டினாள். "அடுத்த வாரம் வாரேம்மா" என்று தங்கலட்சுமியிடம் சொல்லிவிட்டு, பையின் ஜிப்பைப் பூட்டாமலே போய்விட்டாள்.

டிவியில் ராசிபலன் ஓடிக்கொண்டிருந்தது. தங்கலட்சுமி அதை அணைத்தாள். ஆறிய காபியை அரை டம்ளர் ஊற்றி வந்து அந்த இடது கையில் வைத்து, விரல்களை மடக்கிப் பிடிக்க வைத்தாள். பிறகு அனுசியா உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். அவர் எதிரே அவள் நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லை.

"மண்டபத்துல சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சோ என்னமோ" என்றாள். "வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்லலை. அன்னைக்கு நான் அடுப்படில இல்லங்க. நிலையிலதான் நின்னேன். பூராம் பாத்தேன். பாத்துட்டுத்தான் பாக்கலைன்னேன். நீங்க பேப்பருக்குப் பின்னால இருந்தீக, அதுக்கே பயந்துக்கிட்டு. சொல்லியிருந்தாலும் நீங்க போயிருக்க மாட்டீகதான். இருந்தாலும் நான் சொல்லியிருக்கணும்."

நாற்பத்தோரு வருஷத்தில் அவர் அவளை ஏய் என்று கூப்பிட்டிருக்கிறார், இந்தா என்று கூப்பிட்டிருக்கிறார். நாலு பேர் இருந்தால் 'வீட்ல' என்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது அவளையே பார்த்தார். இடது கன்னம் அசைந்தது. உதடு எதையோ தேடியது. தேடிய சொல் கிடைக்காமல், கையில் இருக்கிற ஒன்றையே எடுத்து நீட்டினார்.

"அவர்களே."

கோபத்தில் சொன்னாரா, போகட்டும் என்று சொன்னாரா, காபியில் சீனி போதவில்லை என்று சொன்னாரா என்று கேட்க வழியில்லை. இன்னும் ஏதாவது வருமா என்று தங்கலட்சுமி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. வலது கடைவாயில் காபி ஒழுகியிருந்தது. முந்தானையை எடுத்துத் துடைத்துவிட்டாள்.